டெலிபோன் பேச்சுக்கு ஒரு பேரேடு

(லாஸ்பேட்டையிலிருந்து ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர் எழுதுவது)

நூல் வியாபாரிக்கோ, சாயச் சரக்கு விற்பவருக்கோ, வங்கிக்கோ டெலிபோன் செய்யும்போது, "இவ்வுரையாடல் பதிவு செய்யப்படுகிறது" என்று ஒரு குரல் முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே நம்மைப் பேசவிடுவதை நம் சங்கங்களின் காரியதரிசிகளும் எழுத்தர்களும் நாள்தோறும் கேட்டு வருகிறார்கள். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டபடியால் அதன் பொருளை யாரும் யோசிப்பதில்லை. ரயில் நிலையத்து அறிவிப்பைப் போல அதுவும் காதில் விழுந்து போகிறது. பதிவு செய்வது யார், எந்த யந்திரத்தைக் கொண்டு, எங்கே வைத்திருக்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், தகராறு என்று வந்தால் அந்தப் பதிவு எதற்கு உதவும் என்ற விஷயங்களை அங்கத்தினர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. நான் இதை யோசிக்கத் தொடங்கியது என் சரகத்தில் நேர்ந்த ஒரு பத்துச் சிப்பம் நூல் விவகாரத்தினால்தான். அதில் நானே ஒரு தவறு செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சங்கத்தின் பெயரும் வியாபாரியின் பெயரும் வேண்டாம். கைத்தறி நெசவாளர் சங்கம் அது. காரியாலயமும் நெசவுக் கூடமும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. தீபாவளிக்கு முன்னர் 60-ம் நம்பர் சிட்டம் நூல் வேண்டுமென்று எழுத்தர் வெளியூர் வியாபாரி ஒருவருக்கு டெலிபோனில் ஆர்டர் கொடுத்தார். வந்து இறங்கியது 80 சிப்பம். கொள்முதல் குறிப்பேட்டில் எழுத்தர் எழுதியிருந்தது 70. ஆர்டரை உறுதிப்படுத்திக் கடிதமோ செய்தியோ அனுப்பவில்லை. சரக்கு வந்த அன்று எழுத்தர் விடுப்பில் இருந்தார். கிடங்குக்காரர் எண்ணிப் பார்த்து 80 என்று கையெழுத்திட்டுவிட்டார். பில் 80-க்கு வந்தது. பணம் கொடுக்கும் வேளையில்தான் வித்தியாசம் தெரிந்தது. அதற்குள் மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பத்துச் சிப்பம் என்பது பெரிய ஆலைக்குக் கிள்ளுக்கீரை. வாரக் கூலிக்குக் காத்திருக்கும் நெசவாளிகளின் சங்கத்துக்கு அப்படியல்ல. பொதுச் சபையில் கேள்வி எழுந்தது. எழுத்தர் அலட்சியமாக இருந்தார் என்று சிலரும், வியாபாரியோடு சேர்ந்துகொண்டார் என்று வேறு சிலரும் பேசினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சங்கத்தில் கணக்கு எழுதியவர் அவர். விசாரித்து அறிக்கை தரும் பொறுப்பு எனக்கு வந்தது.

வியாபாரி மிக்க மரியாதையோடு நடந்துகொண்டார். "எங்களிடம் வருகிற டெலிபோன் எல்லாமே பதிவாகும் ஐயா, நீங்களே கேட்டுப் பாருங்கள்" என்று ஒரு துண்டுப் பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடியது. எழுத்தரின் குரலில் "எண்பது" என்ற சொல் ஐயத்துக்கு இடமின்றிக் கேட்டது. அதன் பின் "சரி, அனுப்பி வையுங்கள்" என்ற வார்த்தையும் கேட்டது. எழுத்தரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஐயா, முதலில் எண்பது என்றுதான் சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி உள்ளே வந்து, பழைய இருப்பு கொஞ்சம் இருக்கிறது, எழுபது போதும் என்றார். அப்போதே குறைத்துச் சொன்னேன்" என்றார். யந்திரம் பொய் சொல்லாது, மனிதர்தான் மறப்பார் என்று எண்ணி, வித்தியாசத் தொகையை எழுத்தரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம் என்று குறிப்பு எழுதிவிட்டேன். அதுதான் என் தவறு.

மேலே சொல்வதற்கு முன், அந்த யந்திரம் பேச்சைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்துவிடுவோம். அது தெரிந்திருந்தால் நான் அந்தக் குறிப்பை எழுதியிருக்க மாட்டேன்.

வியாபாரப் பேச்சைப் பதிவு செய்து வைப்பது புதுச்சேரிக்குப் புதிதன்று. துய்ப்ளேக்சு கவர்னராக இருந்த காலத்தில் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-ம் ஆண்டு முதல் 1761-ல் காலமாகும் வரை தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பில், கவர்னர் சொன்னதும் தாம் மறுமொழி சொன்னதும், வியாபாரிகள் வந்து துணி ஒப்பந்தம் பேசியதும் வரிக்கு வரி காணக் கிடைக்கின்றன. பின்னர் அது 1904 முதல் 1928 வரையில் 12 தொகுதிகளாக ஆங்கிலத்திலும் அச்சாயிற்று. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய துணி வியாபாரத்தின் பேரம் நமக்கு இன்று தெரிகிறதென்றால் காரணம் அந்தப் பதிவுதான். ஆயினும் அது ஒரு பக்கத்தார் எழுதி, ஒரு பக்கத்தார் வைத்துக்கொண்ட பதிவு என்பதையும் மறக்கலாகாது. இக்காலத்து யந்திரத்துக்கும் அந்தக் குணம் ஓரளவு உண்டு.

டெலிபோன் பேச்சை யந்திரத்தில் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் டெலிபோன் தோன்றிய சில ஆண்டுகளிலேயே பிறந்தது. எடிசன் 1877-ல் போனோகிராப் செய்தபோதே இந்த உத்தேசம் அவருக்கு இருந்தது. ஆனால் காரியத்தைச் சாதித்தவர் வால்டெமார் பவுல்சன் என்ற டென்மார்க் தேசத்தவர். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த அவர், 1898-ல் எஃகுக் கம்பி ஒன்றைக் காந்தத்தின் அருகே ஓடவிட்டு, டெலிபோனில் வரும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அக்கம்பியிலேயே காந்தமாகப் பதிய வைத்தார். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் அது பெரும் பரிசு பெற்றது. ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் அங்கே பேசிய சில வார்த்தைகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. பின்னாளில் வந்த டேப் ரிக்கார்டர் முழுவதும் அந்தக் கம்பியின் வாரிசே. அமெரிக்காவில் இந்த யந்திரங்கள் பெருகியபோது, பேசுகிறவருக்குத் தெரியாமல் பதிவு செய்யலாமா என்ற கேள்வி எழுந்தது. 1947-ல் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம், பதிவு நடக்கும்போது குறிப்பிட்ட இடைவெளியில் 'பீப்' என்ற ஓசை எழ வேண்டும் என்று உத்தரவிட்டது. இன்று நாம் கேட்கும் அறிவிப்பு அந்தப் பீப்பின் பேரக் குழந்தை எனலாம்.

இப்போதைய பதிவு காந்தக் கம்பியில் நடப்பதில்லை, எண்களில் நடக்கிறது. குரல் காற்றில் அலையாக வருகிறது. ஒலிவாங்கி அதை மின்னலையாக மாற்றுகிறது. யந்திரம் அந்த அலையின் உயரத்தை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 256 படிகளில் ஒன்றாகக் குறித்துக்கொள்கிறது. ஜக்கார்டு தறியில் பூவேலைப்பாட்டை அட்டையில் துளைகளாக மாற்றி வைக்கிறோமல்லவா? துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே குறிகளால் மயிலும் அன்னமும் சேலையில் வந்து விடுகின்றன. அவ்வாறே ஒன்று, சுழி என்ற இரண்டே குறிகளால் குரலும் சேமிக்கப்படுகிறது.

வினாடிக்கு 8,000 என்ற கணக்குக்கும் காரணம் உண்டு. சாதாரண டெலிபோன், ஏறத்தாழ 300 முதல் 3,400 அதிர்வெண் வரையுள்ள ஓசைகளை மாத்திரமே கொண்டு செல்லும். ஓர் அலையை ஒழுங்காகப் பிடிக்க அதன் அதிர்வெண்ணைப் போல இருமடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 8,000 போதும் என்று வைத்தார்கள். அச்சில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதைப் பொறுத்துத் துணியின் நயம் அமைவது போல, இதிலும் அளவை கூடக் கூட ஒலி நயமாகும். அந்த வகையில் டெலிபோன் குரல் முரட்டுத் துணிதான். மெல்லிய உரசல் ஓசைகள் அதில் விடுபட்டுப் போகின்றன. எழுபது, எண்பது, எழுநூறு, எண்ணூறு என்று நம் மொழியில் ஒன்றுபோல ஒலிக்கும் எண்களை இப்படிப்பட்ட கம்பியில் சொல்வது ஆபத்து. "ஏழு, சுழி" என்று தனித்தனியாகச் சொல்லும் பழக்கத்தை எழுத்தர்கள் இன்றே கைக்கொள்ளலாம். இதற்குப் பொதுச் சபைத் தீர்மானம் தேவையில்லை. லாஸ்பேட்டையில் விமானம் இறங்கும் நேரத்தில் டெலிபோன் பேசியவர்களுக்கு நான் சொல்வது நன்றாக விளங்கும்.

இனி, பேச்சை எந்த இடத்தில் பிடிக்கிறார்கள் என்பது. அந்நாளில் ரப்பர்க் கிண்ணம் போன்ற ஒரு சிறு காந்தச் சுருளை ரிசீவரின் முதுகில் ஒட்டவைத்து டேப் ரிக்கார்டரோடு இணைப்பார்கள். அல்லது டெலிபோனுக்கு வரும் இரண்டு கம்பிகளிலும் பக்கவாட்டில் இணைப்புக் கொடுப்பார்கள். பெரிய காரியாலயங்களில் உள் டெலிபோன்கள் எல்லாம் சேரும் எக்ஸ்சேஞ்சுப் பெட்டி ஒன்று இருக்கும். வெளியிலிருந்து 30 பேச்சுகளை ஒரே இணைப்பில் சுமந்து வரும் தடம் அப்பெட்டியில் நுழையும் இடத்தில் பதிவு யந்திரத்தைப் பொருத்தினால், எந்த அறையில் யார் பேசினாலும் பதிவாகிவிடும். இன்டர்நெட் வழியே பேசும் ஏற்பாட்டில் குரல் சிறு சிறு பொட்டலங்களாகச் செல்கிறது. பெரும்பாலும் ஒரு வினாடிப் பேச்சு 50 பொட்டலங்கள். வலைப்பின்னலின் நடுவிலுள்ள பெட்டிக்கு, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு நகல் எடுத்துப் பதிவு யந்திரத்துக்கும் அனுப்பு என்று கட்டளையிட்டு வைக்கிறார்கள். வழியில் பொட்டலம் தவறினால் பதிவிலும், ஊடையிழை விட்டுப்போன துணியைப் போல், இடைவெளி விழும்.

சிறு வியாபாரிகளிடம் இப்போது பரவி வருவது இன்னொரு வகை. விளம்பரத்தில் ஓர் எண் கொடுக்கிறார்கள். நாம் அந்த எண்ணை அழைத்தால், அழைப்பு வியாபாரியின் கடைக்குப் போவதில்லை. எங்கோ ஒரு நகரத்திலுள்ள கம்பெனியின் சர்வருக்குப் போகிறது. அந்தச் சர்வர் வியாபாரியின் செல்போனைத் தனியாக அழைத்து, இரண்டு அழைப்புகளையும் நடுவில் முடிச்சுப் போடுகிறது. அந்த முடிச்சில்தான் பதிவு நடக்கிறது. நல்ல ஏற்பாடாக இருந்தால் நம் குரல் ஒரு தடத்திலும் அவர் குரல் மற்றொரு தடத்திலும் தனித்தனியே சேரும். செல்போனிலேயே பதிவு செய்துகொள்வோரும் உண்டு. வெளியார் செய்த பதிவுச் செயலிகளுக்கு ஆண்டிராய்டில் இருந்த குறுக்குவழியை 2022 மே மாதத்தில் கூகுள் கம்பெனி தடை செய்துவிட்டது. அதன் சொந்த டெலிபோன் செயலியில் பதிவு செய்தால், பதிவு தொடங்குவதை இரு தரப்புக்கும் குரலாக அறிவிக்கிறது.

குரலோடு கூட, யார் அழைத்தது, எந்த எண், எந்தத் தேதி, எந்த மணி, எத்தனை வினாடி என்பவையும் சேர்த்து எழுதப்படுகின்றன. என் அபிப்பிராயத்தில் குரலைவிட இதுவே முக்கியம். பேரேட்டுக்குப் பக்க எண் எப்படியோ அப்படி. இக்குறிப்பு இல்லாத குரல் துண்டு, தேதியில்லாத ரசீதுக்குச் சமம்.

சேமித்து வைக்கும் செலவை மிகைப்படுத்திச் சொல்லி யந்திரம் விற்க வருவோர் உண்டு. எனவே ஒரு கணக்கு. ஒரு மணி நேரப் பேச்சு, சுருக்காமல் வைத்தால், 28.8 மெகாபைட். ஒரு சங்கத்தில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், ஆண்டில் 300 நாள் பேசினால் 600 மணி. அதாவது 17 ஜிகாபைட்டுக்குச் சற்று அதிகம். விரல் நகத்தளவு 32 ஜிகாபைட் அட்டையில் ஓராண்டுப் பேச்சு அடங்கி இடமும் மீந்துவிடும். வினாடிக்கு 8,000 பிட் என்று சுருக்கி வைத்தால் இதில் எட்டில் ஒரு பங்கே ஆகும். பிறகு ஏன் பழைய பதிவுகளை அழிக்கிறார்கள் என்றால், ஆயிரக்கணக்கான வாடிக்கைக்காரர்களின் பேச்சைச் சேமிக்கும் கம்பெனிக்கு இடம் பணம். சந்தாத் தொகைக்கு ஏற்றபடி நாள் கணக்கு வைத்து, அது கடந்ததும் தானாக அழியும்படி செய்துவிடுகிறார்கள்.

இப்போது பத்துச் சிப்பத்துக்கு வருவோம். என் குறிப்பு நிர்வாகக் குழுவுக்கு வந்த அன்று, சங்கத் தலைவர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எழுபது வயது கடந்தவர். இன்னும் குழித்தறியில் உட்காருகிறவர். "தம்பி, அந்தப் பேச்சை இன்னொரு முறை போடுங்கள்" என்றார். போட்டேன். "மறுபடியும்" என்றார். மூன்றாம் முறை கேட்டபின், "பின்னால் தறி ஓடுகிறது பாருங்கள். மிதி, நாடா, பலகை என்று மூன்று ஓசையும் வரிசையாக வரும். எண்பது என்று சொன்ன பிற்பாடு பலகை இரண்டு தரம் விழுகிறது, நடுவில் நாடா போகவில்லை. நெய்கிற கை அப்படி அடிக்காது" என்றார்.

காரியாலயமும் நெசவுக் கூடமும் ஒரே கட்டடம் என்று முன்னர் சொன்னேன். எழுத்தர் பேசிய டெலிபோனில் அவர் குரலுக்குப் பின்னே தறியின் ஓசையும் பதிவாகியிருந்தது. நான் பட்டதாரி, இரு முறை கேட்டும் அந்த ஓசை என் காதில் வெறும் இரைச்சலாகவே விழுந்தது. தலைவர் சொன்ன பிறகு கேட்டால் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு இடங்களில் தறி தாளம் தப்பியிருந்தது. உடனே சங்கத்தின் டெலிபோன் கட்டண விவரத்தை வரவழைத்துப் பார்த்தோம். அந்தத் தேதியில் அந்த எண்ணோடு நடந்த பேச்சு நான்கு நிமிஷத்துக்கு மேல். நமக்கு வந்ததோ ஒரு நிமிஷத்துச் சொச்சம்.

வியாபாரியிடம் கேட்டபோது அவர் திடுக்கிட்டார் என்றே சொல்ல வேண்டும். நீளமாக இருந்ததால் வேண்டிய இடங்களை மட்டும் தம் கடைப் பையன் வெட்டி ஒட்டி அனுப்பியதாகவும், மூலப் பதிவு 90 நாளில் தானாக அழிந்துவிட்டதாகவும் சொன்னார். அதில் வஞ்சனை இருந்ததா, அவசரம் மட்டுமா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. எழுத்தர் எழுபது என்று குறைத்துச் சொன்னார் என்பதற்கும் அதனால் நிரூபணம் கிடைத்துவிடவில்லை. ஆனால் சொல்லவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி சாய்ந்துவிட்டது.

இத்தகைய பதிவுகளைக் கோர்ட்டுகள் எப்படிப் பார்க்கின்றன என்பதைச் சொல்ல ஒரு பழைய வழக்கு போதும். 1964-ல் பம்பாயில் மரண விசாரணை அதிகாரியாக இருந்த ஒருவர், ஒரு டாக்டரிடம் மற்றொரு டாக்டர் வழியாக லஞ்சம் கேட்டார் என்பது குற்றச்சாட்டு. இடையில் நின்ற டாக்டரின் சம்மதத்தோடு அவர் டெலிபோனில் போலீசார் டேப் ரிக்கார்டரை இணைத்து அதிகாரியின் பேச்சைப் பதிவு செய்தார்கள். தந்திச் சட்டத்துக்கு விரோதமாகப் பிடித்த பேச்சு செல்லாது என்று வாதிட்டார் அதிகாரி. ஆர். எம். மால்கானி எதிர் மகாராஷ்டிர மாநிலம் என்ற அவ்வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1972 செப்டம்பரில் தீர்ப்புக் கூறியது. பேசிய இருவரில் ஒருவரே மனமுவந்து கேட்கவிட்டபடியால் அது சட்டத்துக்கு மாறான ஒட்டுக்கேட்பு ஆகாது. பேசியபோதே பதிவான பேச்சு, குரல் இன்னாருடையது என்பதும் பதிவு சரியானது என்பதும் விளங்கினால், சாட்சியமாகும் என்றது. 1985-ல் ராம் சிங் எதிர் கர்னல் ராம் சிங் வழக்கில் அதே கோர்ட் மேலும் கறாராகச் சொன்னது: பதிவில் வெட்டலோ அழித்தலோ நடந்திருக்கக்கூடும் என்ற ஐயம் நீங்க வேண்டும், அது முத்திரையிட்டுப் பத்திரமாகக் காக்கப்பட்டிருக்க வேண்டும், குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். நமக்கு வந்த துண்டு இதில் முதற்படியிலேயே தடுக்கி விழும்.

2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ம் பிரிவு, மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்கிறவர் ஒரு சான்றிதழும் தர வேண்டும் என்கிறது. அதன் முதற்பகுதியைத் தாக்கல் செய்பவரும் இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்புவார்கள். அதில் 'ஹாஷ்' என்ற ஓர் எண் எழுதப்பட வேண்டும். அது பதிவு முழுவதையும் ஒரு கணக்கில் இட்டுப் பெறும் முத்திரை. பதிவில் ஒரே ஒரு குறி மாறினாலும் முத்திரை எண் அடியோடு மாறிவிடும். பார்சலின் மேல் அரக்கு வைப்பதற்கு இது நிகர். வெட்டி ஒட்டிய துண்டுக்கு மூலத்தின் முத்திரை ஒருபோதும் வராது.

மூன்றாம் மனிதர் சட்ட விரோதமாக ஒட்டுக்கேட்பது வேறு, அது குற்றம். 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறையும், இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. சர்க்காரே கேட்க வேண்டுமானாலும் முறைப்படி உத்தரவு வேண்டும் என்று 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் வரையறுத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் தீர்ப்பாயிற்று. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் இயற்றப்பட்டு அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகியுள்ளன. அதன் கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. ஆகவே நம் சங்கத்தில் பதிவு வைப்பதாயிருந்தால், பேசுகிறவரிடம் முன்னதாகச் சொல்லிவிடுவதே நியாயமும் பத்திரமும் ஆகும். கடன் பாக்கி பற்றி ஓர் அங்கத்தினர் காரியதரிசியிடம் கண் கலங்கப் பேசியது நாளைக்கு ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றலாகாது. எதை வைப்பது, எத்தனை நாள் வைப்பது, யார் சாவியை வைத்திருப்பது என்பதை நிர்வாகக் குழு தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 2004 ஜனவரியில் மத்திய சர்க்கார் தொடங்கிய கிசான் கால் சென்டரை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பயிர் யோசனை கேட்கலாம். அங்கே நடைபெறும் பேச்சுகள் பதிவாகின்றன. எந்த மருந்து, ஏக்கருக்கு எத்தனை மில்லி என்று சொல்லப்பட்டது பதிவில் இருக்குமாதலால், அழைத்த தேதியையும் மணியையும் நோட்டில் குறித்து வைப்பது நன்று. தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குச் சரக்குக் கொண்டுபோகும் முன் வெளி வியாபாரிகளிடம் டெலிபோனில் விலை பேசுவோருக்கும் அதுவே வழி. பங்கு வியாபாரத்தில் வாடிக்கைக்காரர் ஆர்டர் கொடுத்ததற்கு டெலிபோன் பதிவு முதலிய ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்று தரகர்களுக்கு 'செபி' 2018-ல் கட்டளையிட்டது. நம் நூலுக்கும் நிலக்கடலைக்கும் அப்படி ஒரு கட்டளை இல்லை. இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அது வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெரிய விலை கொடுத்து யந்திரம் வாங்கச் சொல்லி நான் எந்தச் சங்கத்தையும் தூண்ட மாட்டேன். மாதத்தில் நாலைந்து கொள்முதல் செய்யும் சங்கத்துக்கு, பேச்சு முடிந்த பத்து நிமிஷத்துக்குள் "இன்ன நம்பர் நூல், எழுபது (70) சிப்பம், இன்ன விலை" என்று எழுத்தில் ஒரு செய்தி அனுப்பி, "சரி" என்ற பதிலையும் வாங்கி வைப்பதே போதும். நாள்தோறும் பல ஊர்களோடு பேசும் சங்கமானால் பதிவு பயன்படும். அப்போதும் பில் பணம் தீரும் வரையிலாவது பதிவு அழியாதபடி நாள் கணக்கை வைக்க வேண்டும். எதிர்த் தரப்பார் ஒரு பதிவைக் காட்டினால் முதலில் கேட்க வேண்டியவை, முழுப் பேச்சு எங்கே, அதன் நேரக் குறிப்பு எங்கே என்ற இரண்டே. நான் அந்த இரண்டையும் கேட்கவில்லை.

பத்துச் சிப்பங்களில் ஆறு, இதற்குள் சாயமேறிப் பாவாகிவிட்டிருந்தன. அவற்றுக்குச் சங்கம் பணம் கொடுத்தது. மீதி நான்கை வியாபாரி வண்டி அனுப்பித் திரும்ப எடுத்துக்கொண்டார். பிடித்தம் பற்றிய என் குறிப்பை நான் வாபஸ் பெற்று, காரணத்தையும் அதே பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். எழுத்தர் மறுநாள் வழக்கம்போல் ஒன்பது மணிக்கு வந்து கொள்முதல் குறிப்பேட்டில் ஒரு புதிய கட்டம் கோடு போட்டார். அதன் தலைப்பு: "உறுதிச் செய்தி அனுப்பிய நேரம்."